பக்கக்காற்று

பெண்டாட்டி மங்கம்மாவை ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு முருகையாவின் சைக்கிள் டயர் வெடித்தது. வெடித்தது ஒன்றும் பெரிய குற்றமில்லை. பழைய டயர், செம்மண் சாலையில் கூரான கல், ஏறி உட்கார்ந்தவளோ தோட்டத்திலேயே பெருத்த உடம்புக்காரி. ஆனால் சத்தம் கேட்டுத் திரும்பிய பெண்களைப் பார்த்து முருகையா, "நான் சொன்னேன்ல, இவளுக்கு லாரிதான் சரிப்படும்னு" என்று சொல்லிச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். மங்கம்மாவும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரித்துவிட்டு மீதித் தூரத்தை நடந்து போனாள். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, அவளும் ஏறவில்லை.

காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம் அது. தம்பின் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஆனைக்கல் தோட்டத்தில், ஆற்றோர டிவிசன் ஜனங்களை அரசாங்க உத்தரவுப்படி லயத்து வீடுகளைக் காலி செய்ய வைத்து, பெரிய டிவிசனில் முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து குடிவைத்தார்கள். மனிதர்களைத் தூக்கி வைக்கலாம், ரப்பர்ப் பால்மரங்களைத் தூக்கி வைக்க முடியுமா? மரங்கள் இருந்த இடத்திலேயே நின்றன. விடியலில் வேலிக்கதவு திறந்ததும், சோறு கீறு கொண்டுபோகிறார்களா என்று சோதனை முடிந்ததும், மைல்கல் கணக்கில் மூன்று கட்டை தூரம் போய், பட்டை சீவிப் பாலுக்கு மரம் வெட்டிவிட்டு, மூன்று கட்டை தூரம் திரும்பி வரவேண்டும். முதலில் தோட்டத்து லாரி ஏற்றிப் போனது. ஒருநாள் காட்டுக்குள் இருந்தவர்கள் அதை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டு, லாரிக்குத் தீ வைத்தார்கள். பிறகு சைக்கிள் உள்ளவனுக்குச் சைக்கிள், இல்லாதவனுக்குக் கால் என்றாகிவிட்டது.

அந்தச் சாலை முன்பு நிழலும் குளிர்ச்சியுமாகக் கிடந்தது. பதுங்கியிருந்து சுடுவதற்கு இடம் இருக்கக்கூடாது என்று இருபுறமும் மரங்களை வெட்டிச் சாய்த்து மொட்டையடித்துவிட்டார்கள். லாலான் புல் மட்டும் முளைத்துக் கிடந்தது. காற்று வந்தால் தடுக்க ஒரு குச்சி இல்லை.

ஒருவர் வெட்ட வேண்டிய மர வரிசையை நெரை என்பார்கள். மங்கம்மாவின் நெரையும் முருகையாவின் நெரையும் அடுத்தடுத்து இருந்தன. அவற்றுக்கு அடுத்தது பஞ்சாலையின் நெரை. பஞ்சாலை சின்ன வயசுக்காரி. அவள் புருஷன் வீரமுத்து காட்டுக்குள் அரிசி கொடுத்தான் என்று யாரோ சொல்ல, போலீஸ் வந்து கொண்டுபோய்த் தடுப்பு முகாமில் அடைத்துவிட்டது. கொடுத்தானா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. தனியாக நின்ற அந்தப் பெண்ணுக்கு முதலில் குழம்பு ஊற்றிக் கொடுத்தவளே மங்கம்மாதான். "பாவம், அந்தப் புள்ள தனியா நடந்து வருது, வழியில ஒரு கண்ணு வச்சிக்குங்க" என்று புருஷனிடம் சொன்னவளும் அவள்தான். பின்னாளில் அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு.

ஏனென்றால் முருகையா கண்ணை மட்டும் வைக்கவில்லை, பஞ்சாலையைத் தூக்கிக் கேரியரிலும் வைத்தான். டயர் வெடித்த மறுவாரமே அது நடந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் சொன்னார் என்றான். பொம்பளைப் பிள்ளை தனியாக வந்தால் ஆர்மிக்காரன் ஆயிரம் கேள்வி கேட்பான், உன் நெரைக்குப் பக்கத்து நெரைதானே, ஏற்றிக்கொண்டு வந்துவிடு என்று சொன்னாராம். மண்டோர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேரியர் கம்பியில் நாலாக மடித்த கோணிச்சாக்கைக் கயிறு போட்டுக் கட்டச்சொல்லி மண்டோரா சொன்னார்?

அந்தச் சாக்கைத்தான் மங்கம்மாவால் தாங்க முடியவில்லை. அவள் உட்கார்ந்தபோது வெறும் கம்பிதான் இருந்தது. தொடையில் கம்பி பதிந்த தடம் மறுநாள் வரை இருந்தது. கேட்டும் விட்டாள். முருகையா சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அது எலும்பும் தோலுமா இருக்கு, கம்பி குத்தும். ஒனக்கென்ன, மெத்தை கூடவே இருக்கே" என்றான். அவன் நையாண்டியாகத்தான் சொன்னான். அவளுக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று முதல் நடந்து போகிற பெண்களோடு அவள் போகும்போது, பின்னாலிருந்து மணிச்சத்தம் வரும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடிப்பாள். சைக்கிள் தாண்டிப் போகும். ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஞ்சாலையின் மெலிந்த கால்கள் தொங்கிக்கொண்டு போகும். பேருக்கேற்ற பஞ்சுதான், ஊதினால் பறக்கும் என்று மங்கம்மா மனதுக்குள் கறுவுவாள். முருகையா ஏதோ சொல்வது கேட்கும், என்ன சொன்னான் என்பது மட்டும் கேட்காது. வெட்டும் மரத்தில் உளி தவறி ஆழமாக இறங்கும். மண்டோரிடம் ஏச்சு வாங்குவாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவாள். பஞ்சாலைக்குக் குழம்பு போவது எப்போதோ நின்றுவிட்டது.

இப்படிச் சில மாதம் வெந்துகொண்டிருந்தவள், ஒருநாள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஹரோல்ட் வீட்டுப் பின்கட்டில் போய் நின்றாள். கிராணியின் மகள் கான்வென்டில் படிக்க சிரம்பானுக்குப் போய்விட்டாள். அவளுடைய லேடீஸ் சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்தது. மங்கம்மாவிடம் ஒரு கிடாரிக் கன்று இருந்தது. வேலிக்குள் மேய்ச்சலுக்கு இடமில்லாமல் மெலிந்துகொண்டிருந்தாலும் நல்ல சாதிக் கன்று. கிராணிக்குப் பசும்பால் என்றால் உயிர். கன்று அந்தப் பக்கம் போனது, சைக்கிள் இந்தப் பக்கம் வந்தது.

முருகையா தலையில் கை வைத்துக்கொண்டான். பால் கறக்கப்போகிற மாட்டைக் கொடுத்து யாராவது இரும்பை வாங்குவார்களா என்று கத்தினான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "வேலைக்குப் போக வாங்குனேன்" என்று மட்டும் சொன்னாள். "நீ ஓட்டுறதுக்குள்ள வீலு நெளிஞ்சிரும்" என்றான். "நெளிஞ்சா நிமித்திக்கிறேன்" என்றாள்.

ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் சமதரை இருந்தது. சாயங்காலம் அங்கே தள்ளிக்கொண்டு போவாள். பிடித்துவிட ஆள் கிடையாது. கொட்டகைச் சுவரில் ஒரு கையை ஊன்றி ஏறி, சுவரைத் தடவிக்கொண்டே மிதிப்பாள். சுவர் முடியும் இடத்தில் விழுவாள். முழங்கை, முட்டி, தாடை எல்லாம் தோல் உரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், நிலம் அதிர்கிறது என்றார்கள். சிரிப்பவர்கள் சிரித்துச் சலித்துப் போனபோது அவள் சுவரை விட்டு நேராக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சாலைக்கு வந்த முதல் நாளே ஒன்று புரிந்தது. மேடு அவளுக்கு எமன். பாலத்துக்கு முன்னால் இருந்த சின்ன ஏற்றத்திலேயே மூச்சு முட்டும், இறங்கித் தள்ளுவாள். அப்போது பார்த்து முருகையா பஞ்சாலையோடு மணியடித்துத் தாண்டிப் போவான். ஆனால் ஏற்றம் முடிந்து இறக்கம் வந்தால் கதை வேறு. மிதிக்காமலே அவள் சைக்கிள் கல்லுருண்டை போல ஓடும். பிரேக்கைத் தொடாமல் அவர்களைத் தாண்டிப் போய், தாண்டும்போது பக்கத்தில் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டு போவாள். அந்த ஒரு இறக்கத்துக்காகத்தான் அவள் மூன்று கட்டையும் ஓட்டினாள் என்றுகூடச் சொல்லலாம்.

எதிர்க்காற்று இன்னொரு கஷ்டம். அகன்ற உடம்பு, காற்று முழுசாக வந்து மோதும். நிமிர்ந்து உட்கார்ந்தால் சைக்கிள் நின்றே போகும். குனிந்து, முகத்தைக் கைப்பிடிக்கு நேராக வைத்து, மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் மிதிக்கக் கற்றுக்கொண்டாள். பக்கக்காற்றுதான் அவளை ஒன்றும் செய்யவில்லை. மெலிந்த ஆட்கள் குடிகாரன் போல சாலைக்குக் குறுக்கே போவதை அவள் பார்த்திருக்கிறாள். அவளை அது தள்ளிப் பார்க்கும், முடியாது. காற்றுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து கொடுத்தால் போதும். அது திடீரென்று விடும்போதுதான் கவனம் வேண்டும். சாய்ந்த பக்கமே விழுத்திவிடும்.

சுமாத்ரா காற்று வீசுகிற மாதம் வந்தது. ஒருநாள் மரம் வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குகளில் பால் நிறைவதற்குக் காத்திருந்த நேரத்தில் மேற்கே வானம் ஈயச்சட்டி போலக் கறுத்தது. மண்டோர் கொம்பை ஊதினார். இருந்த பாலை எடுத்துக் கொட்டிவிட்டு எல்லாரும் கிளம்பச் சொல்லி உத்தரவு. காற்று கிளம்பிவிட்டால் ரப்பர் மரக்காட்டில் நிற்க முடியாது. கிளைகள் பட்டாசு போல முறியும், எது எப்போது தலையில் விழும் என்று சொல்ல முடியாது. நடந்து வந்தவர்கள் மண்டோரோடு பழைய லயத்துக்குள் ஒதுங்கினார்கள். சைக்கிள் வைத்திருந்தவர்கள் மழைக்கு முன்னால் போய்விடலாம் என்று புறப்பட்டார்கள். முருகையா பஞ்சாலையை ஏற்றிக்கொண்டு முன்னே போய்விட்டான். பெண்டாட்டி வருகிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

மொட்டைச் சாலைக்கு வந்ததும் காற்று அவளை எதிரே நின்று பிடித்துக்கொண்டது. லாலான் புல் முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்தது. செம்மண் தூள் கண்ணில் அறைந்தது. தலைத்துண்டு பறந்துபோனது. அவள் குனிந்து மிதித்தாள். மற்ற சைக்கிள்காரர்கள் முன்பே போய் மறைந்திருந்தார்கள், தூரத்தில் அந்த இருவர் மட்டும் தெரிந்தார்கள். அவர்களும் நகரவில்லை என்றே சொல்ல வேண்டும். நேராகப் போகிற பாதையில் யாருக்கும் லாபமில்லை. பாலம் தாண்டிச் சாலை வலது பக்கம் திரும்பியது. அங்கேதான் காற்று இடது விலாவில் குத்த ஆரம்பித்தது.

முருகையா கொக்குப் போல நெட்டையான ஆள். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த பஞ்சாலையின் கைலி பாய் மாதிரி உப்பியது. சைக்கிள் ஒரு தடவை ஓரத்துக்குப் போய் மீண்டது. இன்னொரு தடவை போனது, மீளவில்லை. இரண்டு பேரும் சைக்கிளோடு சாலையோரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் சரிந்ததை மங்கம்மா முழுசாகப் பார்த்தாள்.

அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னாள், காற்று அதை வாங்கிக்கொண்டு போனது. சைக்கிளை நிறுத்தவில்லை. காற்றின் மேல் சாய்ந்துகொண்டு, கானுக்குள் கிடந்தவர்களைத் தாண்டி, கடைக்கண்ணால்கூடப் பார்க்காமல் போனாள். இத்தனை மாதமாக ஏறிவந்த பாரம் ஒரு நொடியில் இறங்கியது போலிருந்தது. அவள் உடம்பைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு வாயும் இப்போது பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. முருகையா பஞ்சாலையைத் தூக்கி நிறுத்தியிருந்தான். அவள் தோளில் ஒட்டிய சேற்றை ஒரு கையால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த பிறகும் கை அங்கேயே இருந்தது. அந்தப் பரந்த வெளியில், சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில், அவர்கள் இருவர் மட்டும் நின்றார்கள்.

மங்கம்மா சைக்கிளைத் திருப்பினாள். இரக்கப்பட்டுத் திரும்பினாள் என்று பின்னால் பலரும் சொன்னார்கள். இரக்கமாவது ஒன்றாவது. அவர்களை அப்படித் தனியாக விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

கிட்டே போனபோது பஞ்சாலை ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. முருகையா சைக்கிளை நிமிர்த்தி அவளை மறுபடி ஏற்றினான். பத்தடி போகவில்லை, காற்று வண்டியைப் பிடித்துக் குறுக்கே திருப்பியது. அவன் காலை ஊன்றி நின்றான். மழையின் முதல் சொட்டுகள் கல் மாதிரி விழுந்தன.

"எறக்கி விடுங்க. என் வண்டியில ஏறட்டும்" என்றாள் மங்கம்மா.

முருகையா அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஒன் ஒருத்தி பாரத்தையே அது தாங்கல."

"லேசானதத்தான் காத்து தள்ளும். பாத்தீங்கல்ல."

அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான். பஞ்சாலை நொண்டிக்கொண்டு வந்து அவள் கேரியரில் ஏறினாள். ஒருக்களித்து உட்கார வேண்டாம், ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார் என்று மங்கம்மா சொன்னாள். எங்கே பிடித்துக்கொள்வது என்று பஞ்சாலை தயங்கினாள். மங்கம்மாவே அவள் கைகளை இழுத்துத் தன் இடுப்பில் வைத்தாள். சுற்றி வளைக்க அந்தக் கைகள் போதவில்லை.

புறப்படும்போது சைக்கிள் முனகியது. பிறகு பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்து காற்று அடித்தது, வண்டி அசைந்தது, ஆனால் பாதையை விட்டு விலகவில்லை. பின்னால் இருந்தவள் முகத்தை அவள் முதுகில் வைத்து ஒட்டிக்கொண்டாள். இவ்வளவு லேசா இருக்கிறாளே என்று மங்கம்மாவுக்கு ஆச்சரியமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. இந்த லேசைத்தான் அவன் தினமும் சுமந்தானா? மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்து அறுத்த கேள்வி அப்போது தானாகவே வெளியே வந்துவிட்டது.

"வழியில ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க?"

பஞ்சாலை எக்கி உட்கார்ந்தாள். காற்றுக்கு மேலே கேட்க வேண்டும் என்று காதுக்குக் கிட்டே வந்து சொன்னாள்.

"நா ஒண்ணும் பேசமாட்டேங்க்கா. அண்ணன்தான் பேசும். பேச்சு தீந்துட்டா பாடும்."

"பாடுவாரா?"

"ம். நல்லாத்தான் பாடும்."

மங்கம்மாவுக்கு மிதி தவறியது. இந்த மனுஷன் பாடுவான் என்பதே அவளுக்குத் தெரியாது. தாலி கட்டிய நாளிலிருந்து அவன் வாயில் ஒரு தாலாட்டுகூட அவள் கேட்டதில்லை.

பஞ்சாலை இன்னும் சொன்னாள். "எனக்கு ஒடம்பெல்லாம் கூசும்க்கா. எறங்கி நடந்துரலாம்னு எத்தனையோ நாள் நெனச்சிருக்கேன். நடந்தா மட்டும்? கேட்டுல நிக்கிறவன் ஒரு பேச்சு பேசுவான், வழியில ஆர்மிக்காரன் ஒரு பேச்சு. புருசன் கேம்ப்ல இருக்கான்னா எல்லாருக்கும் எளக்காரம்தானே. அண்ணன் தப்பா எதுவும் செய்யல. பாடுறதோட சரி. அதான் சகிச்சிக்கிட்டு வந்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, புள்ள."

"நீங்க என் மூஞ்சியப் பாத்தே மாசக்கணக்காச்சேக்கா."

மங்கம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். மழை முழுசாக இறங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாது, எடுத்தால் வண்டி போய்விடும். குனிந்து மிதித்தாள். காற்று சட்டென்று அடங்கிய இடங்களில் உடம்பை நிமிர்த்தி, அது மறுபடி பிடிக்கும்போது சாய்ந்து, வேலிக்கதவு தெரியும் வரை ஓட்டிக்கொண்டு வந்தாள். காவல் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இந்தக் கோலத்தைப் பார்த்துக் கதவை ஓடிவந்து திறந்தார்கள். பஞ்சாலையைத் தாங்கிக்கொண்டுபோய் மருந்து கட்டும் டிரஸ்ஸரிடம் விட்டுவிட்டு மங்கம்மா வெளியே வந்தபோதுதான் முருகையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். நனைந்த கோழி போல இருந்தான். தனியாகக்கூட அவனால் அந்த வளைவில் ஓட்ட முடியவில்லை.

அவனைப் பார்த்ததும், வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தது எல்லாம் அவள் தொண்டைக்கு வந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நாளையிலேருந்து அது என்கூட வரும். நீங்க தனியா வாங்க."

அவன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காததே அவளுக்குப் பதிலாக இருந்தது.

கால் சரியானதும் பஞ்சாலை மங்கம்மாவின் கேரியரில் வர ஆரம்பித்தாள். பாலத்து ஏற்றத்தில் இருவரும் இறங்கி ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளுவார்கள். குழம்பு மறுபடி போய்வந்தது. ஆனாலும் சில நாட்களில், முன்னால் போகிற முருகையாவின் முதுகைப் பஞ்சாலை பார்த்துவிட்டாளோ என்று மங்கம்மாவுக்குத் தோன்றும். அப்போது மங்கம்மாவின் பேச்சு அறுந்துபோகும். பஞ்சாலை அதைப் புரிந்துகொண்டு வேறு எதையாவது எடுத்துப் பேசுவாள். அவள் மேல் பிழையில்லை என்று அறிவுக்குத் தெரிந்தது. அறிவு சொல்லி எந்தக் காலத்தில் மனசு கேட்டிருக்கிறது?

அடுத்த வருஷம் வீரமுத்துவை விட்டுவிட்டார்கள். அவன் இந்தத் தோட்டத்தில் இருக்க விரும்பவில்லை. கோலா பிலா பக்கம் சொந்தக்காரன் ஒருவன் இருந்த தோட்டத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனான். லாரியில் சாமான் ஏறும்போது பஞ்சாலை மங்கம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மங்கம்மாவுக்கும் அழுகை வந்தது. வண்டி போய் மறைந்ததும், தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சும் வந்தது.

அதன் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் அந்தச் சாலையில் ஆளுக்கொரு சைக்கிளில் போனார்கள். ஒருநாள் காற்று முதுகுப் பக்கமிருந்து இதமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. முன்னால் போன முருகையா வாய்க்குள்ளே எதையோ முனகினான். மங்கம்மா கிட்டே வந்த சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

"ஏன் நிறுத்திட்டீங்க? பாடுங்க" என்றாள்.

"எனக்கெங்க பாடத் தெரியும்" என்றான்.

அவள் வற்புறுத்தவில்லை. பல நாள் கழிந்தது. ஒரு காலையில், அவள் கேட்காமலே, பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தபடி அவன் நாலு வரி பாடினான். கூச்சத்தில் குரல் நடுங்கியது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. பஞ்சாலை சொன்னது உண்மைதான். இது பஞ்சாலைக்குப் பாடிய பாட்டா, வேறா என்ற கேள்வி மங்கம்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அங்கேயே பல்லுக்குள் வைத்துக்கொண்டு, "அடுத்த வரி?" என்று கேட்டாள்.